பச்சைப் பாம்பைப் பிடித்து வளர்ப்பதா, வேலியிலேயே விட்டுவிடுவதா? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

முருங்கையிலோ செம்பருத்தியிலோ பச்சைப் பாம்பைப் பார்த்தால் கம்பைத் தேடாமல் நின்று ரசிக்கிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் ரசித்த கையோடு அடுத்த கேள்வியும் வந்துவிடுகிறது. "இதைப் பிடித்து வீட்டில் வளர்த்தால் என்ன? விஷம் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறார்கள், மீன் தொட்டி ஒன்று காலியாகத்தான் கிடக்கிறது." கேட்பவர் கல்லூரி மாணவராக இருப்பார், இல்லையென்றால் பிள்ளையின் அடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று திணறுகிற அப்பாவாகவோ அம்மாவாகவோ இருப்பார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிடித்து வளர்க்க வேண்டாம். வீட்டுக்குள் வைத்து வளர்க்க இந்தப் பாம்பைவிடப் பொருத்தமில்லாத பாம்பு நம் ஊரில் கிடைப்பது கஷ்டம். ஆனால் வெறும் "வேண்டாம்" யாருடைய ஆசையையும் அடக்காது. அதனால் உங்கள் முன்னால் உண்மையில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வெளியே தெரியாத செலவு என்ன, எந்தச் சூழ்நிலையில் எது சரி என்று பார்த்துவிடலாம்.

## முதலில், எந்தப் பாம்பு?

நான் சொல்வது விரல் பருமனில், நீளமாக, மூக்கு கூராக நீண்டு, கொடியோடு கொடியாகக் கிடக்கிற பச்சைப் பாம்பு. கண்கொத்திப் பாம்பு என்றும் சொல்வோம். ஆங்கிலத்தில் நம் ஊர்ப் பழைய புத்தகங்களில் ‘விப் ஸ்நேக்’ என்று இருக்கும், இப்போது ‘வைன் ஸ்நேக்’ என்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘விப் ஸ்நேக்’ வளர்ப்பது எப்படி என்று தேடினால் வருகிற வீடியோக்களில் பாதி வேறு பாம்பைப் பற்றியவை. அமெரிக்காவில் அந்தப் பெயரில் ஒரு கூட்டம், ஆஸ்திரேலியாவில் இன்னொரு கூட்டம், தெற்கு ஐரோப்பாவில் இன்னொன்று. சாப்பாடும் குணமும் இருப்பிடமும் எதற்கும் எதற்கும் ஒட்டாது. அங்கே ஒருவர் தன் பாம்புக்கு எலி போடுவதைப் பார்த்துவிட்டு நீங்களும் எலி வாங்கி வைத்தால், நம் பச்சைப் பாம்பு அதை ஏறெடுத்தும் பார்க்காமல் பட்டினி கிடக்கும்.

நம் ஊர்ப் பச்சைப் பாம்புகளுக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக இருப்பது ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2020இல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வு அதைப் பிரித்துப் போட்டது. அஹேதுல்லா நாசுட்டா என்ற பழைய அறிவியல் பெயர் இலங்கைப் பாம்புக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டுச் சமவெளியில் நாம் பார்ப்பது அஹேதுல்லா ஆக்ஸிரிங்கா. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பவை தனித்தனி இனங்கள், அவற்றில் சில சிறிய பரப்பில் மட்டுமே வாழ்பவை. நீங்கள் வால்பாறைப் பக்கமோ களக்காட்டுப் பக்கமோ பார்க்கிற பச்சைப் பாம்பு உங்கள் வீட்டு முருங்கையில் பார்த்ததுதான் என்று நினைத்துவிட வேண்டாம்.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது

விலையிலும் தொட்டியிலும்தான் பெரும்பாலோர் கணக்கை ஆரம்பிக்கிறார்கள். அதைவிட முக்கியமானவை வேறு இருக்கின்றன. சட்டம் அனுமதிக்கிறதா? பாம்பு பிழைக்குமா, பிழைத்தாலும் இயல்பாக இருக்குமா? அதற்கு வேண்டிய சாப்பாடு வாரம் தவறாமல் கிடைக்குமா? உடம்புக்கு வந்தால் காட்ட டாக்டர் இருக்கிறாரா? வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து எவ்வளவு? கடைசியாக ஒன்று, இதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை: உங்களுக்கு வேண்டியது பாம்பைச் சொந்தமாக வைத்திருப்பதா, அல்லது அதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதா? இரண்டாவதுதான் என்றால் பாதி வேலை இங்கேயே முடிந்துவிட்டது.

## வழி 1: பிடித்து வீட்டில் வளர்ப்பது

சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பதும், பொறி வைப்பதும், பிடிக்க முயல்வதும்கூட அதில் அடக்கம். பாதுகாக்கப்பட்ட ஒரு காட்டுயிர் உங்கள் தோட்டத்தில் இருந்தாலும் அது உங்களுடையது ஆகிவிடாது. எந்த வழியாகவாவது அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள், அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுவான மீறல்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை. சட்டத்தின் முதல் பட்டியலில், அதாவது உச்சப் பாதுகாப்பு உள்ள பட்டியலில் இருக்கிற உயிரினம் என்றால் குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை போகும். "யாருக்குத் தெரியப் போகிறது" என்பவர்கள்தான் பாம்பைத் தோளில் போட்டு ரீல்ஸ் எடுத்துப் போடுகிறார்கள். வனத்துறைக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

சட்டப்படி பாம்பு பிடிக்கிறவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்காக நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை அரசு அனுமதியோடு பிடிக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பாம்பைத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். அப்படிப்பட்டவர்களே பாம்பைச் சில வாரங்கள்தான் பானையில் வைத்திருந்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். வருஷக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் நினைப்பதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சாப்பாடு. மற்ற எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறேன் என்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பச்சைப் பாம்பு பகலில் வேட்டையாடும், அசைவதைப் பார்த்து வேட்டையாடும். மற்ற பாம்புகளைப் போல வாசனையை மட்டும் நம்பி இருப்பதல்ல. அதன் கண்மணி படுக்கைவாட்டில் சாவித்துவாரம் மாதிரி நீண்டிருக்கும், கண்ணிலிருந்து மூக்கு நுனி வரை ஒரு பள்ளம் ஓடும், இரண்டு கண்ணாலும் ஒரே இடத்தைக் குறி பார்த்துத் தூரத்தைக் கணக்கிடும். நாம் ‘கண்கொத்திப் பாம்பு மாதிரி கவனிக்கிறான்’ என்று சொல்வது சும்மா இல்லை. ஓணான் ஒன்று கிளையில் அசையும் வரை மணிக்கணக்கில் காத்திருக்கும், காற்றடித்தால் கொடி ஆடுவது போலத் தானும் ஆடும், நெருங்கியதும் கழுத்தைக் கவ்விப் பிடித்து விஷம் ஏறும் வரை விடாது. ஓணான், பல்லி, தவளை, சில நேரம் சின்னப் பறவை, இவ்வளவுதான் அதன் சாப்பாடு.

காட்டிலிருந்து பிடித்த ஒன்று, செத்த எலியை இடுக்கியில் ஆட்டினால் சாப்பிட்டுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. உயிருள்ள ஓணானும் பல்லியும்தான் பிடித்துப் போட வேண்டும், வாரம் ஒன்றிரண்டு, வருஷம் முழுக்க. யார் பிடிப்பது? முதல் மாதம் உற்சாகமாக இருக்கும். பரீட்சை வரும், மழைக்காலம் வரும், ஓணான் கண்ணில் படாது. அப்புறம் காட்டுப் பல்லியும் தவளையும் தங்கள் உடம்பில் இருக்கிற புழுக்களையும் சேர்த்தே கொண்டு வருகின்றன. காட்டில் ஓடியாடித் திரிகிற பாம்பு அந்தச் சுமையைத் தாங்கிக்கொள்ளும். அடைபட்டு, பயந்து, சரியாகச் சாப்பிடாமல் மெலிந்த பாம்பு அதே புழுவால் செத்துப் போகும்.

தொட்டி. மீன் தொட்டி இதற்கு உதவவே உதவாது. மரத்தில் வாழ்கிற பாம்பு, அதற்கு உயரம் வேண்டும், நெருக்கமான இலையும் கிளையும் வேண்டும், நாலு பக்கமும் காற்றோட்டம் வேண்டும். அது கிண்ணத்தில் தண்ணீர் குடிப்பதைவிட இலையில் சொட்டுகிற நீரைக் குடிப்பதுதான் அதிகம், அதனால் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒல்லியான உடம்பு என்பதால் சீக்கிரம் வறண்டுவிடும். தண்ணீரைக் கூட்டினால், மூடிய கண்ணாடித் தொட்டியில் புழுக்கம் சேர்ந்து தோலில் பூஞ்சை வரும். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த தொட்டி கொஞ்ச நேரத்திலேயே கொதிக்கும்.

இதைவிட மோசமானது மூக்கு. அதன் மூக்கு நுனி நீண்டு, மெல்லியதாக இருக்கும். கண்ணாடி என்பது அதற்குப் புரியாது. வெளியே வெளிச்சமும் அசைவும் தெரிகிறது, போக முடியவில்லை, அதனால் முட்டிக்கொண்டே இருக்கும். நுனி தேயும், தோல் உரியும், புண் வாய்க்குள் பரவும், அப்புறம் இரையைக் கவ்வவே முடியாது. கம்பி வலையில் வைத்தாலும் இதே கதைதான். இரவில் நடமாடுகிற பாம்பு என்றால் பகலில் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும், வீட்டு ஆட்கள் நடமாடுவது அதைப் பெரிதாகப் பாதிக்காது. இது பகல் முழுக்க விழித்துக்கொண்டு, கூடத்தில் போகிற வருகிற ஒவ்வொருவரையும் எதிரியாகப் பார்த்துக்கொண்டிருக்கும். உடம்பை உப்பவைத்து, செதில்களுக்கு இடையில் கறுப்பு வெள்ளைக் கோடு தெரிய, வாயைப் பிளந்து காட்டுகிற அந்தக் கோலம் படத்தில் அழகாக இருக்கும். பயத்தின் உச்சத்தில் அது செய்கிற காரியம் அது.

டாக்டர். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர்கள் பெரிய நகரங்களிலேயே சிலர்தான். அவர்களிடம் கொண்டு போனாலும் முதல் கேள்வி "எங்கிருந்து வந்தது?" என்பதுதான். அதற்கு உங்களிடம் நல்ல பதில் இருக்காது. அதனால் வைத்தியமே பார்க்காமல் சாக விடுவதில்தான் இது போய் முடிகிறது.

உங்களுக்கு ஆபத்து. இந்த விஷயத்தில் மிகைப்படுத்த வேண்டாம். பச்சைப் பாம்புக்கு விஷம் உண்டு, பல் வாயின் பின்பக்கம் இருக்கிறது. கடித்துப் பிடித்துக்கொண்டால் வலி, வீக்கம், மரத்துப் போவது, பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். ஆரோக்கியமான பெரியவருக்கு உயிராபத்து என்று சொல்ல முடியாது. ஆனால் நம் ஊர் விஷமுறிவு மருந்து நான்கு பெரிய பாம்புகளுக்கானது, இதற்கு இல்லை. சின்னக் குழந்தை, ஒவ்வாமை உள்ளவர், கண்ணுக்குப் பக்கத்தில் கடி என்றால் விஷயம் வேறு. எதுவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி. உண்மையான பெரிய ஆபத்து ஆள் மாறாட்டம். மலைப் பகுதியில் பச்சையாக இருப்பதெல்லாம் பச்சைப் பாம்பு இல்லை, மூங்கில் குழிவிரியனும் பச்சைதான். தலை முக்கோணமாக, உடம்பு குட்டையாகத் தடித்து, பகலில் அசையாமல் கிடக்கும். "பச்சைதானே" என்று கையை நீட்டினால் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டி வரும்.

யாரும் சொல்லாத ஒன்று. பச்சைப் பாம்பு முட்டையிடாது, குட்டி போடும், ஒரே ஈற்றில் பத்துக்கு மேலும் போடலாம். பிடித்தது பெண் என்றால் எப்போது குட்டி போடும் என்றே சொல்ல முடியாது. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1885 ஆகஸ்ட் முதல் தனியாக வைத்திருந்த ஒரு பெண் பாம்பு 1888 ஆகஸ்டில் குட்டி போட்டதாகப் பதிவு இருக்கிறது. அந்தக் குட்டிகளுக்கு நாளைக்குச் சின்னச் சின்னப் பல்லியாகப் பார்த்துப் பிடித்துப் போட யாரால் முடியும்?

இது சரியான வழியாக இருக்கிற சூழ்நிலை என்று தனிநபருக்கு ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. அடிபட்ட பாம்பைக் குணமாகும் வரை வைத்திருப்பதுகூட அனுமதி பெற்ற இடத்தில் நடக்க வேண்டிய வேலை.

## வழி 2: இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுவது

வீட்டைச் சுற்றிக் கொஞ்சமாவது பச்சை இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். சட்டச் சிக்கல் இல்லை, சாப்பாடு தேட வேண்டாம், செலவு இல்லை. ஓணானும் பல்லியும் தவளையும் அங்கேயே இருப்பதால்தான் அது உங்கள் வேலிக்கு வந்திருக்கிறது. பூச்சிமருந்து அடிக்காமல், வேலிச் செடியை மொட்டையாக வெட்டாமல் விட்டாலே போதும். காலையில் வெயில் ஏறும் நேரத்தில் அது வெளிக்கிளைக்கு வரும், நாலு நாள் தொடர்ந்து பார்த்தால் அதன் இடம் உங்களுக்குப் பழகிவிடும். அது வேட்டையாடுவதை, தோல் உரிப்பதை, காற்றில் ஆடுவதை, தொட்டியில் ஒருநாளும் பார்க்க முடியாத எல்லாவற்றையும் பார்க்கலாம்.

இதற்கும் செலவு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் செலவு வீட்டில் உள்ளவர்களிடம் பேசுவது. கண்ணைக் கொத்தும் என்ற பயம் இன்னும் பலமாக இருக்கிறது. வேலி உயரத்தில், நம் முகத்துக்கு நேராக இருக்கிற பாம்பு, பயந்தால் தன் முன்னால் இருக்கிற முகத்தை நோக்கி வாயைத் திறக்கிறது, அவ்வளவுதான். கண்ணைத் தேடிப் போய்க் கொத்துவதில்லை. அதற்காக முகத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைக்கவும் கூடாது, கை நீளத்துக்கு இரண்டு மடங்கு தள்ளி நிற்பது நல்லது. இன்னொரு பக்கம், பச்சைப் பாம்பைக் கையால் உருவிவிட்டால் சமையல் கைமணக்கும் என்று சொல்கிற ஊர்களும் இருக்கின்றன. அடிப்பதைவிட இது மேல் என்று தோன்றலாம், ஆனால் அந்த மெல்லிய உடம்பை இறுக்கிப் பிடித்து உருவினால் எலும்பு உடையும், உள்ளே இருக்கிற குட்டியும் போகும்.

இரண்டாவது, பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வது. கறிவேப்பிலை, முருங்கைக் கீரை பறிப்பதற்கு முன்னால் கிளையை ஒரு குச்சியால் தட்டிவிட வேண்டும். செடிக்குப் போடுகிற நைலான் வலையைத் தளர்வாகத் தொங்க விடக் கூடாது, பாம்பு அதில் சிக்கி அறுபட்டுச் சாகும். பூனை இருந்தால் பாம்புக்கு எப்போதும் ஆபத்துதான், அதற்கு என்னிடம் முழுமையான தீர்வு இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்பதும் முக்கியம். உங்கள் வேலியும் அவர் வேலியும் பாம்புக்கு ஒன்றுதான். அவர் கம்பெடுக்கிற ஆள் என்றால் முதலில் அவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள், பாம்பைப் படமெடுத்துக் காட்டுங்கள். பேசியும் பயனில்லை என்றால் அடுத்த வழியைப் பார்க்க வேண்டியதுதான்.

## வழி 3: ஆளைக் கூப்பிட்டுப் பிடித்து வேறு இடத்தில் விடச் சொல்வது

பாம்பு என்றாலே தீயணைப்புத் துறைக்குப் போன் போடுவது நம் ஊர்ப் பழக்கம். அவர்களும் வருகிறார்கள், பல ஊர்களில் வனத்துறையோடு சேர்ந்து வேலை செய்கிற பாம்பு பிடிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். வீட்டுக்குள்ளோ பள்ளிக்கூடத்துக்குள்ளோ வந்துவிட்டது, அடிபட்டிருக்கிறது, என்ன பாம்பு என்றே தெரியவில்லை, சுற்றி இருப்பவர்கள் அடிக்கத் தயாராக நிற்கிறார்கள் என்றால் தயங்காமல் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தில் இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் தோட்டத்தில் சும்மா இருக்கிற பச்சைப் பாம்பை ‘காட்டில் விட்டால் நன்றாக இருக்கும்’ என்று அனுப்புவது பாம்புக்கு நாம் நினைக்கிற நன்மை இல்லை. அதற்குத் தன் இடம் தெரியும், எந்தக் கிளையில் ஓணான் வரும், எங்கே ஒளியலாம் என்று தெரியும். பல கிலோமீட்டர் தள்ளித் தெரியாத இடத்தில் விட்டால் அலையும், அலைகிற பாம்பு பருந்துக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் சீக்கிரம் அகப்படும். கர்நாடகத்தின் ஆகும்பேயில் ராஜநாகங்களின் உடலில் ரேடியோ கருவி வைத்துப் பின்தொடர்ந்தபோது, வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விடப்பட்ட பாம்பு நிலைகொள்ளாமல் வெகுதூரம் போய்க்கொண்டே இருந்தது. பச்சைப் பாம்பு அதைவிட எவ்வளவோ சின்னது.

அதனால் கூப்பிட்டால், "பிடித்து இதே தெருக்கோடியில் இருக்கிற புதரில் விட முடியுமா?" என்று கேளுங்கள். நல்ல ஆளாக இருந்தால் அவரே அதைத்தான் சொல்வார். பாம்பைக் கையில் சுற்றிக்கொண்டு கூட்டத்துக்கு வித்தை காட்டுகிறவர், செல்ஃபிக்குக் கொடுக்கிறவர், பைக்குள் போட்டுக்கொண்டு எங்கே விடுவேன் என்று சொல்லாமல் போகிறவர், இப்படிப்பட்டவர்களை இரண்டாவது முறை கூப்பிட வேண்டாம்.

## வழி 4: வெளிநாட்டுப் பாம்பை வாங்கி வளர்ப்பது

"நம் நாட்டுப் பாம்புதானே கூடாது, பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு) வாங்கிக்கொள்கிறேன்" என்பது அடுத்த வாதம். வளர்ப்பு என்று மட்டும் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. பால் பைத்தானும், கார்ன் ஸ்நேக் என்கிற அமெரிக்கப் பாம்பும் வெளிநாடுகளில் பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்பவை, சாந்தமானவை, விஷம் இல்லாதவை, செத்த எலியைச் சாப்பிடப் பழகியவை, கையில் எடுத்தால் பதறாதவை. பச்சைப் பாம்பு தோற்கிற ஒவ்வொரு இடத்திலும் இவை தேறும்.

சிக்கல் வேறு இடத்தில். பால் பைத்தான், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், குட்டி பிறந்தாலும் செத்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். கார்ன் ஸ்நேக் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் சட்டப்படி இறக்குமதி செய்ய அதற்கும் உரிமம் வேண்டும். கடைக்காரர் "பேப்பர் எல்லாம் இருக்கு சார்" என்று சொன்னால் அந்தப் பேப்பரை வாங்கிப் படியுங்கள். பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் பால் பைத்தான் குட்டிகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. துணிப்பையில் அடைத்து மூச்சுத் திணறிச் செத்தவை போக மீதிதான் சந்தைக்கு வருகின்றன. காகிதம் இல்லாமல் வாங்கினால் நீங்கள் காசு கொடுப்பது அந்தக் கடத்தலுக்குத்தான்.

ஆயுள் இன்னொன்று. பால் பைத்தான் 20, 30 வருஷம் இருக்கும். இன்றைக்குக் கல்லூரியில் படிக்கிறவர் கல்யாணம், வேலை, வாடகை வீடு, வெளியூர் எல்லாவற்றுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டு பிரிட்ஜில் எலி வைக்க அம்மாவோ மனைவியோ கணவரோ சம்மதிக்க வேண்டும். முடியாமல் போகும்போது எங்காவது விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளர்ப்புச் சந்தை வழியாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் அங்கேயே பெருகிக் காட்டுயிர்களை அழித்துக்கொண்டிருப்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.

லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கிற நம்மவர்களுக்கு, கூண்டில் பிறந்த கார்ன் ஸ்நேக்கை நல்ல வளர்ப்பாளரிடம் வாங்குவது உண்மையிலேயே நியாயமான வழி. உள்ளூர் விதியையும் வாடகை ஒப்பந்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கடையில் ஆசிய வைன் ஸ்நேக் கிடைத்தால் மட்டும் வாங்காதீர்கள், பெரும்பாலும் தென்கிழக்காசியக் காட்டில் பிடித்தவை, வழி 1இல் சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம், அங்கே எந்தப் பாம்பையும் செல்லப் பிராணியாக வைக்க முடியாது. ஆனால் பூங்காப் பாதையில் நடந்தால் அங்கே ‘விப் ஸ்நேக்’ என்று சொல்லப்படுகிற, நம் பச்சைப் பாம்பின் உறவுக்காரப் பாம்பைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

## வழி 5: வளர்க்காமலே பாம்போடு பழகுவது

பாம்பின் மேல் உண்மையான பித்து இருக்கிறவர்களுக்கு இதில்தான் நிறைவு இருக்கிறது என்று நம்புகிறேன். கிண்டி பாம்புப் பண்ணைக்கும் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் ஒருமுறை சுற்றிப் பார்க்கப் போகாமல், திரும்பத் திரும்பப் போங்கள். இருளர் சங்கத்தில் விஷம் எடுப்பதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒரு கேமராவோ, சுமாரான போனோ, ஒரு நோட்டுப் புத்தகமோ போதும்: எந்தச் செடி, எந்த நேரம், என்ன சாப்பிட்டது, எப்போது தோல் உரித்தது என்று எழுதுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தைப் போட்டால் இனம் பார்த்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

இது பொழுதுபோக்கோடு நிற்பதில்லை. 2019இல்தான் அகத்தியமலைப் பகுதியிலிருந்து ஒரு பாம்பை முற்றிலும் புதிய பேரினமாக விவரித்தார்கள், புரோஅஹேதுல்லா ஆண்டிகுவா என்று பெயர். நம் பச்சைப் பாம்புகளுக்கு மிக நெருங்கிய உறவு, ஆனால் சுமார் 2.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன கிளை. இவ்வளவு காலம் நம் மலையிலேயே இருந்திருக்கிறது! உங்கள் ஊர்ப் பச்சைப் பாம்பு எந்த மாதத்தில் குட்டி போடுகிறது, எதை அதிகம் சாப்பிடுகிறது என்று தேதி போட்டு எழுதிவைத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இதற்கான விலை பொறுமை. பாம்பு நீங்கள் போகிற நேரத்துக்கு வராது. கையில் எடுத்துப் பார்க்க முடியாது. அடம்பிடிக்கிற பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் வாரம் இது போதாது என்றுதான் தோன்றும். ஆனால் ஒருமுறை ஓணானைப் பிடிக்கிறதை நேரில் பார்த்துவிட்டால் பிள்ளையே அடுத்த நாள் காலையில் உங்களை எழுப்பிவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | சட்டம் | பாம்பின் கதி | உங்கள் செலவு, உழைப்பு | யாருக்கு, எப்போது |
|---|---|---|---|---|
| பிடித்து வளர்ப்பது | குற்றம் | பட்டினி, மூக்குப் புண், புழு | வாரம்தோறும் உயிருள்ள இரை, பெரிய கூண்டு, வைத்தியம் இல்லை | யாருக்கும் இல்லை |
| வேலியில் விடுவது | சிக்கல் இல்லை | இயல்பாக வாழும் | வீட்டிலும் பக்கத்திலும் பேசுவது | தோட்டம், மரம், புதர் உள்ளவர்கள் |
| ஆளைக் கூப்பிடுவது | வனத்துறை வழியாகச் சரி | பக்கத்தில் விட்டால் நல்லது, தூரத்தில் விட்டால் ஆபத்து | ஒரு போன், நல்ல ஆளைத் தேடுவது | வீட்டுக்குள் வந்தால், அடிபட்டால், இனம் தெரியாவிட்டால் |
| வெளிநாட்டுப் பாம்பு | ஆவணம் இருந்தால் மட்டும் | கூண்டுக்குப் பழகியது | 20 வருஷத்துக்கு மேல் பொறுப்பு | ஆவணத்தோடு வாங்க முடிகிறவர்கள், பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பவர்கள் |
| பார்த்துப் பழகுவது | சிக்கல் இல்லை | தொந்தரவு இல்லை | பொறுமை, போக்குவரத்து | எல்லாருக்கும், பிள்ளைகளுக்கு முக்கியமாக |

## ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தால்

இதைப் படிக்கிறவர்களில் சிலர் வீட்டில் இப்போதே ஒரு பாம்பு டப்பாவில் இருக்கலாம். பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப் போடவும் வேண்டாம். காலையில் பிடித்தது, நன்றாகத்தான் இருக்கிறது என்றால், இன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், பிடித்த அதே செடிக்குக் கொண்டு போங்கள். டப்பாவைச் செடியின் கீழ்க்கிளையில் சாய்த்து மூடியைத் திறந்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள், தானாகவே ஏறிப் போய்விடும். கையால் எடுத்துப் போட வேண்டாம், வாலைப் பிடித்துத் தூக்கவே வேண்டாம்.

மூக்கில் காயம், வாயோரம் நுரை அல்லது சீழ், தோல் சுருங்கித் தொங்குவது, தலையைத் தூக்க முடியாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் அப்படியே விட்டுவிடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நாள் கணக்காக வைத்திருந்தாலும் அதுதான் வழி. எங்கே, எப்போது பிடித்தது, என்ன கொடுத்தீர்கள் என்பதை உள்ளது உள்ளபடி சொன்னால்தான் பார்க்கிறவருக்கு உதவும். அவர்கள் வரும் வரை காற்றுப் போகிற துணிப்பையிலோ, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியிலோ, உள்ளே ஒரு இலைக் கொத்தோடு, வெயில் படாத அமைதியான இடத்தில் வையுங்கள். இலையின் மேல் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். பால் வைக்காதீர்கள், பாம்பு பால் குடிக்காது. வாயைத் திறந்து எதையும் ஊட்டாதீர்கள். பிடித்தது மலையிலோ வெளியூரிலோ என்றால் உங்கள் வீட்டுத் தோட்டத்தில் விடவும் கூடாது. அது அந்த இடத்துக்கே உரிய இனமாக இருக்கலாம், எங்கிருந்து வந்தது என்று சொன்னால் வனத்துறை ஆட்கள் அந்த இடத்துக்கே கொண்டு போக ஏற்பாடு செய்ய முடியும்.